என் பேரில் நுழைந்தவர்

எனக்குக் கோர்வையாக எழுத வராது, ஐந்தாம் வகுப்போடு சரி. மறதியும் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் பிரேசர் டவுனில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் காப்பி கொடுத்து, மேசை துடைக்கும் வேலை பார்த்தேன். வீட்டில் சம்பாதித்தது நான் ஒருத்திதான். அங்கே ஹாஜரி என்கிற வருகைப் பதிவும் கம்ப்யூட்டரில். வாசல் பக்கத்து மெஷினில் அவரவர் பேரையும் பாஸ்வேர்டையும் அடிக்க வேண்டும். பின்னால் ஆள் நிற்கும்போது எழுத்தைத் தேடி அடிக்க எனக்குக் கூச்சம். பக்கத்தில் இருப்பவரிடம் பாஸ்வேர்டைச் சொல்லிவிடுவேன், அவர் அடித்துவிடுவார்.

ஒரு திங்கட்கிழமை மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார். மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணும் இருந்தாள்.

"ஆயாம்மா, சனிக்கிழமை காலைல பதினோரு மணிக்கு உங்க பேர்ல யாரோ உள்ள போயி ரூட் ஆயிட்டாங்க" என்றாள்.

"ரூட்டுன்னா?" என்றேன்.

"ரூட்னா மெஷினுக்கே எஜமான். உங்க பேருக்கு ஹாஜரி போட மட்டும்தான் உரிமை. ஆனா பாஸ்வேர்ட் மாத்துற புரோகிராம யார் ஓட்டினாலும் அது எஜமான் அதிகாரத்துல ஓடும். அதுல ஒரு ஓட்டை. அது வழியா ஏறி எல்லார் ஃபைலையும் தொறந்துட்டு, எங்க உக்காந்து செஞ்சாங்கங்கிற தடத்தையும் அழிச்சிட்டாங்க."

"போலீஸுக்குத்தான் சொல்லணும்" என்றார் மேனேஜர், என்னைப் பார்த்து.

"நான் அந்த பட்டனக்கூடத் தொட்டதில்ல சார்."

"சும்னிரி சார்" என்று கன்னடத்தில் அவரைச் சும்மா இருக்கச் சொன்னாள் அந்தப் பெண். "இவங்களா? 'ஏ' எங்கன்னு தேடவே அரைமணி ஆகும். பதினோரு மணிக்கு மீட்டிங்ல உங்களுக்குத்தான காப்பி குடுத்துட்டிருந்தாங்க? சக்கரை கம்மின்னு திட்டினீங்களே!"

மேனேஜர் குரல் இறங்கியது. "அப்ப இவங்க பாஸ்வேர்ட் யாருக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும் சார்" என்றேன்.

வேலை போகவில்லை. அந்தப் பெண் ஓட்டையை அடைத்தாள். எனக்குப் புது பாஸ்வேர்ட் வைத்து, "சாமிகிட்டகூடச் சொல்லாதீங்க" என்றாள்.

செய்தது யார் என்று கடைசிவரை தெரியவில்லை. காப்பித் தட்டோடு மேசை மேசையாகப் போகும்போது இவரோ, அவரோ என்று ஒவ்வொரு முகமாகப் பார்ப்பேன். எல்லாரும் சிரித்தபடிதான் டம்ளரை எடுத்தார்கள். காலையில் யாராவது, "நான் அடிக்கட்டுமா ஆயாம்மா?" என்று பாசமாகக் கேட்டால் வியர்த்துவிடும். "வேணாங்க" என்று ஒற்றை விரலால் தேடித் தேடி அடித்தேன். பின்னால் வரிசை நீண்டது. அந்தப் பயம் வேலையை விடும்வரை போகவில்லை.

அந்தப் பெண் சொன்னதைக் காதில் வாங்கியபடி எழுதியிருக்கிறேன். ஓட்டை பாஸ்வேர்ட் மாற்றும் புரோகிராமில்தானா, வேறெதிலாவதா என்று கம்ப்யூட்டர் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்திவிடுங்கள்.