முப்பத்தெட்டுப் பெயர்கள்

அந்தக் கண் ஆஸ்பத்திரியில் அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருந்தது. மற்றபடி எல்லோருக்கும் அவர் ‘பேக்கப்’. கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற ஆள். யார் எதைத் தொடங்கினாலும், “முதல்ல பேக்கப் எடுத்தீங்களா?” என்று கேட்டுவிட்டுத்தான் மறுபேச்சு. மனைவி பீரோவை ஒழுங்குபடுத்தப் போனால்கூட, எது எங்கே இருந்தது என்று முதலில் போட்டோ எடுத்து வைக்கச் சொல்வார். இதற்கு வீட்டில் யாரும் சிரிப்பதில்லை. அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

பன்னிரண்டு வருஷத்தில் ஒரு நோயாளியின் பதிவுகூட அவர் கையில் தொலைந்ததில்லை. அந்தக் கர்வம் அவருக்குத் தலைக்கு மேலேயே இருந்தது. தன் அறைச் சுவரில் மூன்று விதிகளைத் தானே எழுதி ஒட்டியிருந்தார். எந்த மாற்றத்தையும் முதலில் சோதனைக் கம்ப்யூட்டரில் செய்து பார். மாற்றுவதற்கு முன்னால் ஒரு பேக்கப் எடு. ஆட்கள் வேலை செய்துகொண்டிருக்கும்போது கை வைக்காதே. சோதனைக் கம்ப்யூட்டர் என்பது படிக்கட்டுக்கு அடியில் கிடந்த பழைய பெட்டி. ஆஸ்பத்திரியின் பதிவுகளுக்கு அதில் ஒரு நகல் உண்டு; அதில் எதைக் கெடுத்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. என்ன, அது கண் விழிக்கவே பத்து நிமிஷம் ஆகும்.

ஊருக்கு உபதேசம் செய்கிறவர்களுக்கும் ஒரு நாள் வரும். அவருக்கு அது ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு வந்தது. பெரிய டாக்டர் அறை வாசலில் வந்து நின்றார்.

“பதிவு பண்ற இடத்துல வலது கண்ணா, இடது கண்ணான்னு ஒரு கட்டம் வேணும்ப்பா. இன்னைக்கே முடியுமா?”

“அஞ்சு நிமிஷ வேலை சார்.”

பெரிய டாக்டர் பார்த்துக்கொண்டிருக்கும்போது படிக்கட்டுக்கு அடியில் குனிந்து பழைய பெட்டியைத் தட்டி எழுப்ப அவருடைய கௌரவம் இடம்கொடுக்கவில்லை. ஓடிக்கொண்டிருந்த சிஸ்டத்திலேயே நேராகக் கை வைத்தார். மூன்று விதிகளும் ஒரே மூச்சில் போயின.

பதிவுத் திரை அப்படியே நின்றுவிட்டது. யோசிக்காமல், முந்தின நாள் மாலை பேக்கப்பாக எடுத்து வைத்திருந்த நகலை அப்படியே திரும்ப ஏற்றினார். பன்னிரண்டு நிமிஷத்தில் எல்லாம் பழையபடி ஓடியது. பெரிய டாக்டர் அவர் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

பழையபடி என்றால், முந்தின நாள் மாலை இருந்தபடி. காலை எட்டு மணியிலிருந்து பதிவு மேஜை அக்கா ஏற்றி வைத்த முப்பத்தெட்டுப் பேர் அதில் இல்லை. பதினோரு மணிக்கு நர்ஸ் பட்டியலைத் திறந்து, “யாருமே இல்லையே!” என்று கத்தியபோதுதான் அவருக்கு உறைத்தது.

பதிவு அக்காவுக்கு ஐம்பத்தாறு வயது. இரண்டே விரலால்தான் தட்டுவார். ஆனால் ஒரு பிழை கண்டுபிடித்துவிட முடியாது. காத்திருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி மேனேஜர் அவரைப் பிடித்துக்கொண்டார்.

“காலையிலேர்ந்து உக்காந்து என்னம்மா பண்ணீங்க?”

“எல்லாரையும் ஏத்தினேன் சார். ஒருத்தர் விடாம ஏத்தினேன்.”

மேனேஜர், பக்கத்தில் நின்றிருந்த பேக்கப்பைத் திரும்பிப் பார்த்தார். அப்போது சும்மா இருந்திருந்தால்கூடப் பாவம் பாதியோடு போயிருக்கும். அந்த மனுஷன் வாயைத் திறந்தார்.

“சில நேரம் சேவ் பண்ண மறந்துடுவாங்க சார். யாருக்கும் நடக்கறதுதான்.”

அதையும் பெரிய மனசோடு சொல்வதுபோலச் சொன்னார். பிற்பாடு அந்தக் குரலை நினைக்கும்போதெல்லாம் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும் அவருக்கு.

மத்தியானம் அக்கா அவர் அறைக்கு வந்தார். “நடுவுல திரை நின்னுச்சே தம்பி, அதனால போயிருக்குமோ?”

“அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லக்கா.”

“அப்ப முப்பத்தெட்டு தடவையுமா மறந்தேன்?” அக்கா கொஞ்ச நேரம் தன் விரல்களையே பார்த்தார். “சேவ் பண்றத இன்னொரு தடவை சொல்லிக் குடு தம்பி.”

சொல்லிக் கொடுத்தார்! பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எந்த இடத்தில் அமுக்க வேண்டும் என்று பொறுமையாக, இரண்டு தடவை. அக்கா பள்ளிக்கூடப் பிள்ளைபோலத் தலையாட்டினார். போகும்போது நன்றி வேறு சொன்னார்.

அதற்குப் பிறகு அக்கா ஒவ்வொரு பெயரையும் முதலில் நோட்டில் எழுதி, பிறகு கம்ப்யூட்டரில் ஏற்றி, பக்கத்தில் டிக் போட ஆரம்பித்தார். ஒரு வேலைக்கு இரண்டு வேலை. பேக்கப் அந்த மேஜையைத் தாண்டும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு நடந்தார். சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தார். நாள் ஆக ஆக, ‘இத்தனை நாள் ஏன் சொல்லலை?’ என்ற கேள்வியும் சேர்ந்துகொண்டது.

மூன்றாவது வாரம் அக்கா ஒரு காகிதத்தைப் பிரிண்ட் எடுத்துத் தரச் சொல்லி வந்தார். வேறொரு ஆஸ்பத்திரியிலிருந்து வந்த கடிதம். மூளை ஸ்கேனுக்கு நாள் குறித்திருந்தார்கள்.

“எங்கம்மாவுக்கும் மறதி இப்படித்தான் ஆரம்பிச்சுது தம்பி,” என்றார் அக்கா. “கடைசியில என்னையே யாருன்னு கேட்டாங்க. பொண்ணு பயந்துட்டா. அடுப்பு பக்கமே விடமாட்டேங்குறா. பேரனைத் தனியாத் தூக்கிட்டுப் போகக் கூடாதாம்.”

பிரிண்டர் காகிதத்தை வெளியே தள்ளியது. அவர் அதை எடுக்கவில்லை.

“அக்கா, நீங்க சேவ் பண்ணீங்க.”

“என்ன?”

“அத்தனையும் பண்ணீங்க. நான்தான் முந்தின நாள் பேக்கப்பைப் போட்டு அழிச்சுட்டேன். அழிச்சுட்டு உங்க தலையில போட்டேன்.”

அக்கா நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தார் இவர். திட்டியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

“முப்பத்தெட்டுமா?”

“முப்பத்தெட்டும்.”

அக்கா அழுதார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, “இதை எம்பொண்ணுகிட்ட வந்து சொல்லு,” என்றார். “நான் சொன்னா நம்பமாட்டா.”

அவர் முதலில் மேனேஜரிடம் போய்ச் சொன்னார். மேனேஜர், “விடுப்பா, சிஸ்டம்னா அப்படித்தான்,” என்று ஃபைலைப் புரட்டினார். அவ்வளவு மலிவாகக் கிடைத்த மன்னிப்பை எங்கே வைத்துக்கொள்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் அக்காவின் வீட்டுக்குப் போனார். மகளிடம் எல்லாவற்றையும், சேவ் பண்ணச் சொல்லிக் கொடுத்த கூத்து உட்பட, தலையைத் தூக்காமல் சொல்லி முடித்தார். மகள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

“பரவாயில்லைங்க, இப்பவாவது சொன்னீங்களே,” என்றாள்.

“இப்ப நம்புறியா?” என்று அக்கா எழுந்தார். “இரு தம்பி, டீ போட்டுக் கொண்டு வரேன்.” அந்த நடையில் பழைய மிடுக்கு இருந்தது.

சமையலறையில் அடுப்புப் பற்றவைக்கும் சத்தம் கேட்டது. மகள் அவரிடம் ஏதோ பேசிக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் அவள் காது அங்கே இருந்தது. அக்கா டீயோடு வெளியே வந்ததும், தண்ணீர் குடிக்கப் போவதுபோல மகள் எழுந்து உள்ளே போனாள். அவர் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து நன்றாகத் தெரிந்தது. அவள் தண்ணீர் குடிக்கவில்லை. அடுப்பின் திருகைத் தொட்டுப் பார்த்தாள். மூடித்தான் இருந்தது. இன்னொரு தடவையும் தொட்டுப் பார்த்தாள்.

அக்கா டம்ளரை நீட்டினார். “சர்க்கரை சரியா இருக்கா தம்பி?”

“சரியா இருக்குக்கா,” என்றார் அவர், இன்னும் வாயில் வைக்காமலே.