அப்பா ஒட்டிய பக்கங்கள்

அமெரிக்காவில், எடிசன் நகரத்து எங்கள் வீட்டில் இட்லி வெந்துகொண்டிருந்தது. ஒன்பதாவது படிக்கும் மகள், பள்ளியில் கொடுத்த பழைய அமெரிக்க நாவலையும் ஒரு படிவத்தையும் நீட்டினாள். சில பெற்றோர் அந்த நாவலை எதிர்க்கிறார்களாம். நான் கையெழுத்துப் போட்டால்தான் அவள் படிக்கலாம்.

ஆவி பட்டு அட்டை வியர்த்தது. எங்கள் ஈரோட்டுச் சமையலறை கண்முன் வந்தது.

இதே நாவலை எனக்குப் பன்னிரண்டு வயதில் அப்பா வாங்கித் தந்தார். எனக்கு ஆகாதென்று நினைத்த நான்கு பக்கங்களை மைதாப் பசையால் ஒட்டிவிட்டுத்தான் தந்தார். அவர் ஆபீஸ் போனதும் அம்மா புத்தகத்தை இட்லிப் பானை ஆவியில் காட்டினாள்.

"அப்பாகிட்டச் சொல்லிப்போடாத கண்ணு. அப்படி என்னதான் இருக்குதுன்னு பாத்துப்போடலாம்."

பக்கங்கள் பிரிந்தன. அம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. நான் படித்துத் தமிழில் சொன்னேன். நிறத்துக்காக ஒருவனை ஊரே கூடி அடிக்கிறது. பானையில் தண்ணீர் வற்றித் தீய்ந்த வாடை வந்தும் அம்மா அசையவில்லை.

"நம்மூர்ல நடக்கறது இதை எழுதுனவனுக்கு எப்படிக் கண்ணு தெரிஞ்சுது?"

அந்த வியப்பும் நடுக்கமும் இன்னும் எனக்குப் போகவில்லை. என் மகள் தாங்குவாளா?

"மாம், சைன் பண்ணுவியா மாட்டியா?"

போட்டேன். "அடிக்கிற இடம் வந்தா, இங்க வந்து எனக்குச் சத்தமா படி."

"கிச்சன்லயா? ஒய்?"

"நானும் கிச்சன்லதான் படிச்சேன்."