சேலை முனையில் ஒரு குடம்

கப்பலை விட்டு இறங்கி ஒரு வாரத்துக்கு மேலாகிறது. இன்னும் என் மகள் குளியலறைக் கதவைச் சாத்தினால் நான் வெளியே நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன். "உள்ளேதாம்மா இருக்கேன்" என்று சலிப்போடு பதில் வந்த பிறகுதான் அடுத்த வேலை ஓடுகிறது.

சென்னையிலிருந்து கிளம்பும் சொகுசுக் கப்பலில் போய்வர வேண்டும் என்பது என் கணவரின் ஆசை. நடுவில் ஒரு முழு நாள், எந்த ஊரிலும் நிற்காமல் கப்பல் கடலிலேயே போகும். மற்றவர்கள் அந்த நாளுக்காகத்தான் காசு கொடுக்கிறார்களாம். நான் அன்று காலையிலிருந்து பத்து வயது மகளின் மணிக்கட்டைப் பிடித்த பிடி விடவில்லை. மதியச் சாப்பாட்டு வரிசையில் தட்டு வாங்குவதற்காக ஒரு கணம் விட்டேன். தட்டு கைக்கு வந்தது, பிள்ளையைக் காணவில்லை.

கணவர் ஒரு பக்கம் ஓடினார், நான் ஒரு பக்கம். ஒலிபெருக்கியில் அவள் பெயரைச் சொன்னார்கள். கடலுக்கு நடுவில் ஒலிபெருக்கியில் நம் பிள்ளையின் பெயரைக் கேட்பது எப்படி இருக்கும் என்று நான் எழுதப் போவதில்லை. கடைசியில் பின்பக்கத்து மேல்தளத்தில் அகப்பட்டாள். கண்ணாடித் தடுப்பை ஒட்டிக் குப்புறப் படுத்து, கப்பல் விட்டுச் செல்லும் வெள்ளை நுரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா இப்படி நடுங்குறே? நான் எங்க போயிடப் போறேன்? சுத்தியும் கடல்தானே!"

என் பயமே அதுதான் என்று அவளிடம் எப்படிச் சொல்வது? ஆனால் அவள் படுத்திருந்த விதத்தைப் பார்த்தபோது, அந்த நடுக்கத்திலும் எனக்கு ஒரு பச்சை நிறப் பிளாஸ்டிக் குடம் ஞாபகம் வந்தது.

நன்னிலம் கடைத்தெருவில் என் அப்பா, எங்கள் வழக்கில் அத்தா, பாத்திரக்கடை வைத்திருந்தார். நாகப்பட்டினத்து மீனவர் ஒருவர், தங்கை கல்யாணத்துக்குச் சீர்ப் பாத்திரம் எடுக்க வந்து, பேரம் பேசிப் பேசி அத்தாவுக்குச் சிநேகிதராகிவிட்டார். அவர் புதிதாக ஒரு விசைப்படகு கட்டியபோது வெள்ளோட்டத்துக்கு எங்களையும் அழைத்தார். புதுப் படகு முதன்முதலாகக் கடலில் இறங்கும் நாளில் வலை இருக்காது, மீன்பிடிப்பு இருக்காது. உறவும் நட்பும் ஏறிக்கொள்ள, படகுக்கு மாலை போட்டு, அண்டாவில் சோறு ஏற்றிக்கொண்டு, நாள் முழுக்கக் கடலில் சுற்றிவிட்டு வருவார்கள். எனக்கு அப்போது எட்டு வயது. அத்தாவின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நானும் வருவேன் என்று அழுதேன்.

அம்மா வரவில்லை. "அந்த ஆட்டத்துக்கெல்லாம் நான் ஆளில்ல" என்று சொல்லிவிட்டு, பெட்டியிலிருந்து ஒரு பழைய வாயில் சேலையை எடுத்துக் கொடுத்தார். எனக்குத் தூளி கட்டிய சேலை. எதற்கென்று படகில் ஏறிய பிறகுதான் தெரிந்தது. அத்தா அதைக் கயிறுபோல் முறுக்கி, ஒரு முனையை என் இடுப்பில் கட்டினார். மறுமுனையைத் தன் கைலிக்கு மேலே போட்டிருந்த அகலமான பச்சை பெல்ட்டில் முடிந்துகொண்டார்.

அத்தாவின் பங்குக்கு எங்கள் கடையிலிருந்து ஒரு பச்சைக் குடம் படகுக்கு அன்பளிப்பாக வந்திருந்தது. அதில் குடிதண்ணீர் நிரப்பி, பக்கவாட்டுப் பலகையை ஒட்டி வைத்திருந்தார்கள்.

எனக்குத் தெரிந்த தண்ணீர்களுக்கெல்லாம் அதுவரை இரண்டு கரை இருந்தது. ஆறு, வாய்க்கால், குளம் எதுவானாலும் எதிர்ப் பக்கம் ஒரு தென்னைமரமாவது தெரியும். பங்குனியில் எல்லாம் வற்றி மணலாகிவிடும். அதனால் கொஞ்ச தூரம் போனால் எதிர்க்கரை வந்துவிடும் என்று நம்பிக்கொண்டு நின்றேன். வரவில்லை. பின்னால் இருந்த கரையும் மெல்லிய கோடாகி, பிறகு அதுவும் இல்லாமல் போனது. பயம் வர வேண்டிய இடம். எனக்கோ, இத்தனை பெரிதாக ஒன்று இருப்பதை ஏன் யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை என்று கோபம்தான் வந்தது.

படகுக்காரரின் மகளுக்கும் என் வயதுதான். அவள் படகின் விளிம்பில் வெறுங்காலோடு ஓடிக்கொண்டிருந்தாள். என்னைச் சுற்றி ஒரு வட்டம் வந்து, சேலையைத் தொட்டுப் பார்த்தாள்.

"நீ இன்னுமா தூளியில இருக்க?"

"எங்கத்தா கட்டினாரு."

"எங்க வூட்டு ஆட்டுக்குட்டியக்கூட இப்படிக் கட்டுறதில்ல. அணியத்துக்கு வரியா? ஓங்கல் துள்ளும், காட்டுறேன்."

அணியம் என்றால் படகின் முன்பக்கம். ஓங்கல் என்று அவர்கள் சொல்வது டால்பினை. இதற்கு மேல் கட்டுண்டு கிடக்க யாரால் முடியும்? நான் அத்தாவைப் பார்த்தேன். அவருக்குப் படகு கிளம்பியதிலிருந்தே தலைசுற்றல். முகம் வெளுத்து, கண்ணை மூடி, உதடு மட்டும் ஏதோ ஓதிக்கொண்டிருந்தது. என் இடுப்பு முடிச்சை அவிழ்த்தேன். சும்மா விட்டால் சேலை தொய்ந்து காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் அதைக் குடத்தின் கழுத்தில் கட்டினேன்.

என் திட்டம் நான் நினைத்ததைவிட நன்றாகவே வேலை செய்தது. ஆட்கள் குடித்துக் குடித்துப் பாதியாகிவிட்ட குடம், படகின் ஆட்டத்துக்கேற்ப அசைந்து சேலையை இழுத்தது. அத்தா கண்ணைத் திறக்காமலே சொன்னார்: "ஆடாதம்மா. அத்தா பக்கத்துல சும்மா ஒக்காரு." கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும், "பசிக்குதாம்மா?" குடம் ஒன்றும் சொல்லவில்லை. படகுக்காரரின் மகள் வாயைப் பொத்திக்கொண்டு என்னை இழுத்துக்கொண்டு ஓடினாள்.

அணியத்தில் இரண்டு பேரும் குப்புறப் படுத்தோம். ஓங்கல்கள் வந்தன. கருப்பாக, பளபளவென்று, யாரோ கீழேயிருந்து தூக்கிப் போட்டது போலத் துள்ளின. ஒவ்வொன்றும் துள்ளும்போது கத்தினோம்.

அப்போதுதான் படகு ஒரு பெரிய அலையில் ஏறி இறங்கியது. பின்னால் 'தொபீர்' என்று ஒரு சத்தம். அதைத் தொடர்ந்து அத்தாவின் குரல், என் பெயர் சொல்லி. திரும்பிப் பார்த்தேன். சேலை அவர் பெல்ட்டிலிருந்து விறைப்பாக நீண்டு, பலகையைத் தாண்டித் தண்ணீருக்குள் போயிருந்தது. முனையில் என்ன இருக்கிறதென்று தெரியவில்லை. அத்தா ஒரு காலைத் தூக்கிப் பலகைக்கு வெளியே வைத்துவிட்டார்.

படகுக்காரர் சுக்கானை விட்டுப் பாய்ந்து வந்து, அத்தாவின் பெல்ட்டைப் பின்னாலிருந்து பிடித்தார்.

"பாய்! பாய்! ஒங்க புள்ள அணியத்துல இருக்கு பாய்! அங்க பாருங்க!"

நான் எழுந்து நின்று கையை ஆட்டினேன். அத்தா என்னைப் பார்த்தார். பிறகு சேலையைப் பார்த்தார். பிறகு அப்படியே பலகைமேல் உட்கார்ந்துவிட்டார். இரண்டு பேர் சேர்ந்து, கிணற்றில் வாளி இழுப்பது போல் சேலையை இழுத்தார்கள். வாய் நிறையக் கடல்தண்ணீரோடு பச்சைக் குடம் மேலே வந்தது.

படகே சிரித்தது. "குடுத்த குடத்த யாராச்சும் இப்படித் திருப்பி வாங்கப் பாப்பாங்களா பாய்?" என்று படகுக்காரர் கேட்டதும் அத்தாவும் சிரித்தார். என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. சேலையை நன்றாகப் பிழிந்து, மறுபடியும் என் இடுப்பில் கட்டினார். இந்த முறை முடிச்சு போடுவதற்கு அவருக்கு வெகுநேரம் பிடித்தது. கரை சேர்ந்து இறங்கும்போது படகுக்காரர் அத்தாவின் காதருகில் குனிந்து ஏதோ கேட்டார். அத்தா இல்லையென்று தலையாட்டினார். இன்னும் தலை சுற்றுகிறதா என்று கேட்கிறார் போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த வருடம் ஆற்றில் புதுத் தண்ணீர் வந்ததும், அத்தா என்னைத் தன் தம்பியிடம், என் சாச்சாவிடம், ஒப்படைத்தார். "இவளுக்கு நீச்சல் பழக்கிக் குடு." பொம்பளப் பிள்ளைக்கு எதற்கு இதெல்லாம் என்று உறவில் சிலர் கேட்டுப் பார்த்தார்கள். அத்தா காதில் போட்டுக்கொள்ளவில்லை. மூக்கில் தண்ணீர் ஏறி, அழுது, சாச்சாவைக் கடித்து, ஒரு வழியாகப் பழகினேன். முடிச்சை அவிழ்த்ததற்குத் தண்டனை என்றே நினைத்தேன். குடத்துக்காகக் கடலில் குதிக்கப் பார்த்த கதை அதற்குள் எங்கள் குடும்பத்துக்குச் சொத்தாகிவிட்டிருந்தது. என் கல்யாணத்தில்கூட மாப்பிள்ளை வீட்டாருக்கு அதைச் சொல்லிச் சிரித்தார்கள்.

கப்பலிலிருந்து இறங்கியதும் நேராக நன்னிலம் போனோம். எண்பதை நெருங்கும் அத்தாவிடம் மகள் தான் தொலைந்த கதையைப் பெருமையாகச் சொன்னாள். வழக்கம்போலக் குடத்துக் கதையும் வந்தது. அம்மா வெற்றிலையை மடித்தபடி சொன்னார்:

"நல்லவேளை, அந்த மனுசன் பெல்ட்டப் புடிச்சாரு. இவருக்கு ஏது நீச்சல்?"

நான் சிரிப்பை நிறுத்தினேன். "அத்தாவுக்கு நீச்சல் தெரியாதா?"

"ஆத்துல எறங்கி எப்பவாச்சும் பாத்துருக்கியா நீ?"

பார்த்ததில்லை. ஊரே ஆற்றில் முங்கிக் குளிக்கும். அத்தா மட்டும் இரண்டாம் படியில் நின்று, செம்பால் மொண்டு தலையில் ஊற்றிக்கொள்வார். கடைக்காரரின் கௌரவம் அது என்று நான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன்.

"அப்பறம் எதுக்கு அத்தா காலத் தூக்கி வெளிய வச்சீங்க?"

அத்தா என்னை விசித்திரமாகப் பார்த்தார். இதையெல்லாமா கேட்பார்கள் என்பது போல.

"நீ தண்ணிக்குள்ள இருக்கேன்னுல்ல நெனச்சேன்" என்றார்.

மகளை அடுத்த வாரம் நீச்சலில் சேர்க்கிறேன். நானும் அவளோடு இறங்கப் போகிறேன், எனக்குத்தான் தெரியுமே.

அந்தப் புதுத் தண்ணீர் நாட்களில் அத்தா தினமும் கடையைப் பூட்டிவிட்டு எங்களோடு ஆற்றுக்கு வந்தார். நான் முங்கி எழும்போதெல்லாம் அவர் அதே இரண்டாம் படியில் செம்போடு நின்றுகொண்டிருந்தார். குளிக்க வந்த மனிதர் ஏன் குளிக்காமல் நிற்கிறார், செம்பு ஏன் காய்ந்தே இருக்கிறது என்று எட்டு வயதில் எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.