கோட்டையின் பின்பக்கம்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் பத்தொன்பது வருடமாகச் செக்கிங் பார்க்கும் கமலவேணி, எதையும் திருப்பிப் பார்க்காமல் நம்பமாட்டாள். மகளைப் பெண் பார்க்க வந்தவர்களின் செருப்பைக்கூடத் திருப்பிப் பார்த்தவள்.

ஒடுகத்தூர் மலையடியில் ராஜா கோட்டை மாதிரி ஒரு ரிசார்ட். வருடத்துக்கு ஒரு வாரம் என்று இருபத்தைந்து வருடத்துக்கு அறைகளை விற்கிறார்கள். வந்து பார்த்தால் போதும், சாப்பாடு இலவசம் என்றார்கள். அப்போதே அவளுக்குச் சந்தேகம். ஆனாலும் கணவர் நந்தகோபாலுடன் போனாள்.

மாதிரி அறையில் கல்தூண், யானைத்தலை, ஊஞ்சல். நந்தகோபால் ஊஞ்சலில் உட்கார்ந்துவிட்டார். விற்கும் அறைகள் எதிரே கட்டிக்கொண்டிருந்த புதுக் கட்டடத்தில், அதுவும் கோட்டைதான். கமலவேணி அதைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். கோட்டை ஒரே சுவரோடு முடிந்துவிட்டது. பின்னால் வெறும் பெட்டி பெட்டியாக அறைகள். ஒவ்வொன்றிலும், வாங்கினவர்களே சமைத்துக்கொள்ள ஒரு சமையல் மேடை.

“இன்னாங்க, முன்னாடி மட்டும் கோட்டையா?” என்று அங்கே பூசிக்கொண்டிருந்த கொத்தனாரைக் கேட்டாள்.

“கோட்டை இன்னும் வாங்காதவங்களுக்கும்மா. வாங்கினவங்க வேற எங்க போய்டுவாங்க?”

அவளுக்கு அது போதும். கம்பெனியில் ஆர்டர் பிடிக்க வெளிநாட்டுக்காரருக்குக் காட்டும் ஷூ ஜோடிக்கு மட்டும் நல்ல தோலாகப் பொறுக்கித் தருவது அவள் கைதான்.

திரும்பி வந்து ஊஞ்சலைப் பிடித்து நிறுத்தினாள்.

“எந்திரிங்க. இது சாம்பிள் பீஸு.”