அத்தை வாங்கிய சீமைத் திருப்புளி

அந்தத் திருப்புளியை வெயிலில் தூக்கிப் பிடித்தால், கைப்பிடிக்குள் கம்பி எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்பது தெரியும். தேன் நிறம், கண்ணாடி போலிருக்கும், ஆனால் கண்ணாடியின் சில்லிப்பு இருக்காது, கொஞ்ச நேரம் பிடித்திருந்தாலே உள்ளங்கைச் சூட்டை வாங்கி வைத்துக்கொண்டு வழுவழுவென்று இருக்கும். அதன் விலைக்கு அந்தக் காலத்தில் ஒரு நல்ல கைத்தறிப் புடவையே வாங்கலாம். அதை வாங்குவதா வேண்டாமா என்று என் அத்தை மூன்று வாரம் யோசித்தாள். நான் ஏழாம் வகுப்பு படித்த அந்த மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

அப்போது கடலூர் முதுநகரில் வாடகை வீட்டில் இருந்தோம். அப்பாவுக்குச் செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் வேலை. அப்பாவின் தங்கை வசந்தா அத்தை கல்யாணம் வேண்டாமென்று எங்களோடேயே இருந்தாள். சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் பௌதிக ஆய்வகத்தில் உதவியாளர். காலையில் பாசஞ்சர் ரயிலைப் பிடித்தால் சாயங்காலம்தான் திரும்புவாள். அம்மா வீட்டிலேயே தெருப் பெண்களுக்கு ரவிக்கை தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். அம்மாவுக்கும் அத்தைக்கும் சண்டை என்று எதுவும் கிடையாது. ஆனால் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சிரித்து நான் பார்த்ததும் கிடையாது.

அந்த வருஷம் கார்த்திகை மழையில் தண்ணீர் வீட்டுக்குள் இடுப்பளவுக்கு ஏறியது. அரிசி மூட்டையையும் எங்கள் புத்தகங்களையும் பரணில் ஏற்றினோமே தவிர, அம்மாவின் தையல் மெஷினை யாராலும் தூக்க முடியவில்லை. அது ஒரு பகல் ஓர் இரவு முழுக்கத் தண்ணீருக்குள் நின்றது. தண்ணீர் வடிந்த பிறகு சக்கரம் அசைய மறுத்தது. அடியில் பாபின் நூல் உட்காரும் ஷட்டிலைப் பிடித்துக்கொண்டிருந்த இரண்டு திருகுகளும் துருவேறி இறுகிவிட்டன. அவற்றைக் கழற்றினால்தான் உள்ளே புகுந்த சேற்றை எடுக்க முடியும். ஊர் முழுக்க மெஷின்கள் நனைந்து கிடந்ததால், மெக்கானிக் பொங்கல் கழித்துத்தான் வருவேன் என்று சொல்லிவிட்டார். பொங்கலுக்கான ரவிக்கைத் துணிகளோ அம்மாவின் அலமாரியில் மடித்தபடி காத்திருந்தன. அப்பாவின் கம்பெனியும் தண்ணீர் புகுந்து மூடிக் கிடந்தது. ஆகவே அத்தையின் சின்னச் சம்பளம் போக, அந்த மாதம் வீடு அம்மாவின் மெஷினை நம்பித்தான் இருந்தது.

"நான் கழட்டறேன் அண்ணி" என்று அத்தை தானாகவே முன்வந்தாள். வீட்டில் இருந்தது நடைபாதையில் வாங்கிய ஒரு மலிவுத் திருப்புளி. அதைத் திருகின் வெட்டில் வைத்து அத்தை மூச்சைப் பிடித்துத் திருப்பினாள். திருகு அசையவில்லை, திருப்புளியின் நுனிதான் முறுக்கிக்கொண்டு வழுக்கியது. இன்னொரு தரம் அழுத்தியபோது, திருகின் தலையில் இருந்த வெட்டு வழித்தெடுத்தாற்போல் மழுங்கிவிட்டது.

அம்மா குனிந்து பார்த்தாள். "இருக்கறதயும் கெடுத்து வெச்சிட்டியே வசந்தா" என்றாள். அவ்வளவுதான். ஆனால் அன்றிலிருந்து அவர்கள் இருவரும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதை நிறுத்திவிட்டார்கள். "அத்தைய சாப்ட வர சொல்லு", "பசிக்கலன்னு சொல்லு" என்று எல்லாம் என் வழியாகவே போய்வந்தது.

சிதம்பரம் தெற்கு வீதியில் ஒரு "ஆர்டுவேர்" கடை இருந்தது. எல்லாரும் பாய் கடை என்பார்கள். பாயின் தம்பி சிங்கப்பூரிலிருந்து வரும்போதெல்லாம் நல்ல கருவிகளாக நாலைந்து கொண்டுவருவார். அவற்றைப் பாய் கண்ணாடிப் பெட்டிக்குள் தனியாக வைத்திருப்பார். அங்கேதான் அத்தை அந்தத் தேன்நிறத் திருப்புளியைப் பார்த்திருக்கிறாள். விலையைக் கேட்டுவிட்டு வீட்டில் வந்து சொன்னபோது அப்பா சிரித்தே விட்டார்.

"ஒரு திருப்புளிக்கா? டெஸ்டர் இருக்குதில்ல, அதால கழட்டு."

"டெஸ்டரால கழட்டித்தான் ஊருல இருக்கற திருகெல்லாம் மொட்டையா நிக்குது" என்றாள் அத்தை.

எங்கள் பள்ளிக்கூடத்தில் வெள்ளத்தில் வீடிழந்தவர்களைத் தங்க வைத்திருந்ததால் எனக்கு வகுப்பு இல்லை. ஒரு சனிக்கிழமை அத்தை என்னையும் சிதம்பரத்துக்கு அழைத்துக்கொண்டு போனாள். கையில் செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலம். கடையில் அதைப் பிரித்தபோதுதான், எங்கள் கொல்லைக் கதவின் உடைந்த சட்டத் துண்டு என்று தெரிந்தது. துருப்பிடித்த கீலும் அதன் நான்கு திருகுகளும் அதிலேயே இருந்தன.

"பாய், தப்பா நெனைக்காதீங்க. இதுல போட்டுப் பாத்துட்டு சொல்றேன்" என்றாள்.

கடையில் இருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. பாய் ஒரு கணம் யோசித்துவிட்டுக் கண்ணாடிப் பெட்டியைத் திறந்தார். அத்தை முதலில் சாதாரணத் திருப்புளிகள் இரண்டைக் கேட்டு வாங்கிப் போட்டுப் பார்த்தாள், இரண்டும் வழுக்கின. பிறகு சீமைத் திருப்புளியை வைத்தாள். அதன் நுனி வெட்டுக்குள் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்தது. அத்தை தோளைக் கொடுத்து அழுத்தித் திருப்ப, "கிரீச்" என்று ஒரு சத்தம், துரு பொடியாக உதிர்ந்தது, திருகு நகர்ந்துவிட்டது. வேடிக்கை பார்த்தவர்களில் ஒருவர் "அட" என்றார்.

"இது எத்தன வருசம் பாய் வரும்?"

"வெல ஜாஸ்திதான் தங்கச்சி, இல்லன்னு சொல்லல. ஆனா நீங்க தொலைக்காத வரைக்கும் வரும்."

அப்படியும் அத்தை வாங்கவில்லை. திரும்பும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து, தண்ணீர் தேங்கிய வயல்களைப் பார்த்துக்கொண்டே வந்தாள். புதுச்சத்திரம் தாண்டும்போது, "வீட்டுக்கு இன்னா பெருசா வேல இருக்கு இத வெச்சிக்கினு, இல்ல?" என்று என்னைக் கேட்டாள். நான் பதில் சொல்வதற்குள், "ஆனா கெடுத்தது நானாச்சே" என்றாள்.

அடுத்த மாதம் சம்பளம் வந்த அன்று வாங்கி வந்தாள். அந்தப் பொங்கலுக்குத் தனக்குப் புடவை வேண்டாம் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டாள். வந்ததும் வராததுமாக மெஷினைச் சாய்த்து வைத்து உட்கார்ந்தாள். கெடாத திருகு இரண்டாம் முயற்சியிலேயே கழன்றது. மழுங்கிய திருகு அசையவில்லை. வெட்டே இல்லாத தலையில் எந்தச் சீமைக் கருவிதான் என்ன செய்யும்? அத்தையின் முகம் விழுந்துவிட்டது. ஆனால் விடவில்லை. இரும்பறுக்கும் "ஆக்சா பிளேடு"வின் உடைந்த துண்டு ஒன்றைத் துணி சுற்றிப் பிடித்துக்கொண்டு, அந்தத் தலையில் புதிதாக ஒரு வெட்டு போட ஆரம்பித்தாள். இரண்டு நாள் சாயங்காலம் முழுக்க அந்த அறுப்புச் சத்தம்தான். அம்மா அடுப்படியிலிருந்து வந்து நின்று பார்ப்பாள், போவாள். இரண்டாம் நாள் தானே வந்து மெஷினை ஆடாமல் பிடித்துக்கொண்டாள். அந்தப் புது வெட்டில் திருப்புளியை வைத்து அத்தை திருப்ப, திருகு கழன்று தரையில் உருண்டது.

"எங்கடி போச்சு?" என்று இருவரும் ஒரே நேரத்தில் என்னைக் கேட்டார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

பொங்கலுக்கு அத்தை பழைய மாம்பழ நிறப் புடவையைத்தான் கட்டினாள். ஆனால் அதற்குப் புது ரவிக்கை இருந்தது. அளவெடுக்காமலே அம்மா தைத்து அவள் பெட்டிமேல் வைத்திருந்தாள்.

கதை இங்கேயே முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். பொங்கல் கழிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. பக்கத்து வீட்டில் மாட்டுக் கொம்புக்கு அடித்தது போக மீந்த நீலப் பெயிண்ட் டப்பா ஒன்று என் கைக்கு வந்தது. மூடி இறுகியிருந்தது. யாருமில்லாத நேரம் பார்த்து அத்தையின் திருப்புளியை எடுத்து, மூடிக்கடியில் கொடுத்து நெம்பினேன். மூடி திறந்தது, நுனியின் ஒரு மூலை தெறித்துப் போனது. பாவாடையில் துடைத்து எடுத்த இடத்திலேயே வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை அத்தை அதை எடுத்தாள். நுனியை விரலால் தடவிப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "யாரு இத எடுத்தது?" என்றாள். அவள் குரல் உயரவில்லை.

"நாந்தான் வசந்தா" என்றாள் அம்மா, மெஷினிலிருந்து தலையைத் தூக்காமலே. "டப்பா தொறக்கல, நெம்பிட்டேன்."

"சரி அண்ணி, தேச்சிக்கலாம்" என்று சொல்லிவிட்டு அத்தை உள்ளே போனாள். கல்லூரிப் பட்டறையில் கொடுத்து நுனியைத் தேய்த்துக்கொண்டு வந்தாள். கொஞ்சம் குட்டையாகி, எப்போதாவது வழுக்கினாலும் வேலை செய்தது. அம்மா அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. என் பாவாடையில் நீலக்கறை இருந்ததையும், அதை மண்ணெண்ணெய் போட்டு அவள் துவைத்ததையும் மட்டும் நான் பார்த்தேன்.

இப்போது அம்மா இல்லை; போய் இரண்டு வருஷமாகிறது. தெற்கு வீதிப் பாய் கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். கண்ணாடிப் பெட்டியைத் திறந்து, கதவுச் சட்டத்தில் போட்டுப் பார்க்கக் கொடுக்கும் கடை எதுவும் எனக்குத் தெரிந்து எங்குமில்லை. அத்தை ஓய்வு பெற்றுக் கீரப்பாளையம் சாலையில் சின்னதாக ஒரு வீடு கட்டிக்கொண்டு இருக்கிறாள். போன மாதம் அவளைப் பார்க்கப் போனபோது, போனில் ஒரு விலையுயர்ந்த திருப்புளியைக் காட்டி, இத்தனை கொடுத்து வாங்கலாமா என்று கேட்டேன்.

மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தாள். "நல்லதுதான். ஆனா எத்த கழட்டப் போற? இப்ப வர்ற சாமான்லாம் ஒட்டில்ல வெச்சிருக்கான், திருகு எங்க இருக்குது?" என்று சிரித்தாள். பிறகு, "வாங்கினா ஒளிச்சி வெய்யி. உங்கம்மா மாதிரி யாராச்சும் டப்பா தொறந்துருவாங்க" என்றாள்.

அப்போதுதான் சொன்னேன்.

அத்தை முதலில் நம்பவில்லை. பிறகு பலமாகச் சிரித்தாள். "அடிப் பாவி! இத்தன வருசமா அது ஒவ்வொரு தரம் வழுக்கறப்பவும் அண்ணியத்தானடி மனசுக்குள்ள திட்டினேன். அவளுக்குப் பொறாமன்னுகூட ஒருநா நெனச்சிருக்கேன்" என்றாள். சிரிப்பு நின்றது. எனக்கு டீ போடுவதாகச் சொல்லிக்கொண்டு எழுந்து போனாள். அடுப்பு பற்ற வைக்கும் சத்தம் கேட்கவில்லை. பின்கட்டில் குழாயைத் திறந்துவிட்டு முகம் கழுவிக்கொண்டிருந்தாள்; தண்ணீர் வெகுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.