போகோனோ மலையில் கழலாத பைண்டிங்

சனிக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு வெஸ்ட் வின்ட்சரில் எங்கள் வீட்டு வாசலிலிருந்து வண்டியை எடுத்தேன். வெளியே பத்தொன்பது டிகிரி, ஃபாரன்ஹீட் கணக்கில். முன்சீட்டில் என் மனைவி சுதா, மடியில் புளியோதரை டப்பா. பின்சீட்டில் எங்கள் புதுச் சம்மந்தியம்மா மல்லிகா. டெக்சாஸில் ஹூஸ்டனுக்குப் பக்கத்து ஊரான கேட்டியிலிருந்து முதல்நாள்தான் விமானத்தில் வந்து இறங்கியவர். அவர் பக்கத்தில் மகள் நிலா, வருகிற மே மாதம் எங்கள் வீட்டுக்கு மருமகளாக வரப்போகிறவள். மாப்பிள்ளையாகிய என் மகன், கடைசி நேரத்தில் ஆபீஸ் வேலை வந்ததால் வீட்டிலேயே தங்கிவிட்டான்.

பனிச்சறுக்குக்குப் போகலாம் என்பது என் யோசனை. கேட்டியில் ஐஸ் என்றால் ஃப்ரிட்ஜில்தான். முதல்முறை நம் வீட்டுக்கு வருகிற சம்மந்தியைக் கோயிலுக்கும் மாலுக்கும் மட்டும் கூட்டிப்போய் அனுப்பினால் நன்றாகவா இருக்கும்? தவிர, மல்லிகாவின் கணவர் துரைசாமி இந்தச் சம்பந்தத்துக்கு ஆரம்பத்தில் அரை மனதாக இருந்தவர். சட்டென்று கோபம் வருகிற மனிதர், எனக்கு அவரிடம் கொஞ்சம் பயம்கூட உண்டு. ரிஃபைனரியில் வேலை நெருக்கடி என்று அவர் வரவில்லை. அவர் மனைவியை ஒரு குறையும் இல்லாமல் கவனித்து அனுப்பிவிட வேண்டும் என்பது ஒன்றுதான் என் மனதில் இருந்தது.

ரூட் 31 வழியாக வடக்கே போய், 78-இல் ஏறி, ஈஸ்டன் பக்கம் டெலவேர் ஆற்றைத் தாண்டினால் பென்சில்வேனியா. அங்கிருந்து 33-ஐப் பிடித்தால் போகோனோ மலை. மொத்தம் சுமார் தொண்ணூறு மைல். ஆற்றைத் தாண்டியதும் சாலையோரப் பனி வெள்ளையாக மாறியது. எங்கள் பக்கத்துப் பனி இரண்டாம் நாளே சாம்பல் நிறத்துக்கு வந்துவிடும்.

"அண்ணா, கேக்கறேன்னு தப்பா நினைக்காதீங்க," என்றார் மல்லிகா. "எனக்கு ஃபார்மசில பத்து மணி நேரம் நின்னுட்டே வேலை. முழங்கால் போச்சுன்னா வேலையே போச்சு. இது சேஃப்தானே?"

நான் வாயைத் திறப்பதற்குள் நிலா பதில் சொன்னாள். கொலராடோவில் படித்த நான்கு வருஷமும் பாதி நாள் மலையில் கழித்தவள் அவள். "அதுக்குத்தான்மா பைண்டிங். பூட்ஸையும் ஸ்கீயையும் சேத்துப் பிடிச்சிருக்கும். நீ விழுந்தா டக்குனு ஓப்பன் ஆயிடும். ஓப்பன் ஆகலைன்னா அந்த நீளக் கட்டை உன் காலைத் திருகிரும். நல்ல பைண்டிங்னா டைட்டா பிடிக்கிறது இல்ல, கரெக்ட் டைம்ல விடுறது."

அத்தனையும் என் காதில் விழுந்தது. முப்பது வருஷமாக மெஷின்களோடு காலம் தள்ளுகிற எஞ்சினியர் நான். எனக்குத் தெரியாததா என்று தலையை ஆட்டிக்கொண்டு ஓட்டினேன்.

எட்டரை மணிக்கு மலையடிவாரத்தில் ஒரு வாடகைக் கடை. பூட்ஸ், ஸ்கீ, ஹெல்மெட் சேர்த்து ஒரு நாளைக்கு ஐம்பத்திரண்டு டாலர். நிலா பைண்டிங்குகளைப் புரட்டிப் பார்த்துக்கொண்டே போனாள். சாதாரண வகையில் முன்பக்கம் பக்கவாட்டில் திறக்கும், குதிகால் பக்கம் மேல்நோக்கி மட்டும் திறக்குமாம். மெதுவாகப் பின்பக்கம் சாய்ந்து முறுக்கிக்கொண்டு விழும்போது அது சில சமயம் திறக்காது, முழங்காலுக்குள் எலும்புகளைக் கட்டிவைத்திருக்கிற லிகமென்ட் கிழிவது அப்படித்தான் என்றாள். குதிகாலும் பக்கவாட்டில் திறக்கிற இன்னொரு வகை அங்கே இரண்டு ஜோடி இருந்தது, பதினைந்து டாலர் கூடுதல். "எதுவுமே ஹண்ட்ரட் பர்சென்ட் கிடையாது. ஆனா அம்மாக்கு இதுதான் பெட்டர்," என்றாள்.

"அதுக்கென்ன, இதையே எடுத்துடலாங்க," என்று நான் உடனே கார்டை நீட்டினேன். சம்மந்தி என்றால் சும்மாவா.

கவுண்டரில் இருந்த பெண், உயரம், வயது, எடை, எவ்வளவு தூரம் பழக்கம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு ஸ்பிரிங்கைத் திருகி எண் வைத்தாள். எடை என்றதும் மல்லிகா என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் நாசூக்காகக் கையுறைகள் இருந்த பக்கம் நகர்ந்தேன். நகர்ந்தும் காதில் விழுந்தது: நூற்று நாற்பது பவுண்ட். மாப்பிள்ளையின் அப்பா நிற்கிற இடத்தில் எந்தச் சம்மந்தியம்மா உள்ளதை உள்ளபடி சொல்லுவார்? எடை குறைவென்றால் எண்ணும் குறைவு. எண் குறைந்தால் சீக்கிரமே கழன்றுகொள்ளும். அந்தப் பொய்யால் அவர் காலுக்கு ஆபத்து ஒன்றும் இல்லை. பிறகு என் வீட்டுக் கௌரவத்துக்குத்தான் சங்கடம் வந்தது.

பத்து மணிக்குப் பழகுவோர் சரிவில் இறங்கினோம். ஒரு மணி நேரம் அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்துவிட்டு நிலா மேல் மலைக்குப் போனாள். சுதா குளிர் தாங்காமல் காபிக்கு உள்ளே போய்விட்டாள். நான் வெறும் ஷூவோடு ஓரத்தில் நின்று சம்மந்திக்குத் துணையாக இருந்தேன். அவர் பத்தடி போவார், லேசாக ஆடுவார், ஒரு ஸ்கீ கழன்றுகொள்ளும். மாட்டிக்கொண்டு நிமிர்ந்தால் மற்றது கழலும். நாலு வயதுப் பிள்ளைகள் எல்லாம் அவரைச் சுற்றிக்கொண்டு சர்ரென்று போனார்கள். எங்கள் ஊர்ப் பக்கத்துக் குடும்பம் ஒன்று, தமிழில் பேசிக்கொண்டிருந்தவர்கள், நின்று வேடிக்கை பார்த்துச் சிரித்தார்கள்.

மல்லிகாவின் முகம் சிவந்துவிட்டது. "எல்லாரும் பாக்கறாங்க அண்ணா. போதும், நாம உள்ள போயிடலாம்," என்றார்.

அந்த நிமிஷம் உள்ளே போயிருக்கலாம். சூடாகப் புளியோதரை சாப்பிட்டுவிட்டு நாலு போட்டோ எடுத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பியிருக்கலாம். ஆனால் என் வீட்டு விருந்தாளியைப் பார்த்து ஊர் சிரிப்பதா என்று எனக்கு ரோஷம் வந்தது. "ஒரு நிமிஷம் இருங்க சம்மந்தி, சரி பண்ணிடலாம்," என்று பார்க்கிங்குக்குப் போய் டிக்கியிலிருந்து திருப்புளியை எடுத்து வந்தேன்.

நாமெல்லாம் சூட்கேஸ் பூட்டியிருந்தாலும் அதன்மேல் கயிறு கட்டி, கயிற்றின்மேல் டேப் ஒட்டி விமானம் ஏறுகிறவர்கள். கழல்கிறது என்றாலே நமக்கு அது கோளாறு. காலையில் கேட்டதெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. ஸ்பிரிங்கை முன்னால் இரண்டு சுற்று, பின்னால் இரண்டு சுற்று இறுக்கினேன், இரண்டு காலுக்கும். "அளவை மாற்றக் கூடாது" என்று கடைக்காரர்கள் ஸ்கீயில் ஒட்டிய ஸ்டிக்கர்மேல் முட்டி போட்டுக்கொண்டுதான் திருகினேன்.

"இப்பக் கழலாதுங்க," என்றேன்.

கழலவில்லை. மல்லிகா முதல்முறையாக முப்பது அடி நேராகப் போனார். "அண்ணா, போறேன் பாருங்க!" என்று குழந்தை மாதிரி கத்தினார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சரிவின் கீழே கம்பளிக் குல்லாய்க் கூட்டம் ஒன்று குறுக்கே வந்தது. அவர் பயந்து பின்பக்கம் சாய்ந்தார், மெதுவாக, உட்காரப் போகிறவர் போல. உடம்பு ஒரு பக்கம் திரும்பியது. வலது ஸ்கீ திரும்பவில்லை. அவர் போட்ட சத்தத்தில் சிரித்துக்கொண்டிருந்த குடும்பம்கூட ஓடி வந்தது.

மலைக் காவலர்கள் சறுக்கு வண்டியோடு வந்து அவரைக் கிடத்தினார்கள். நிலாவும் வந்துவிட்டாள். அம்மாவின் கையைப் பிடித்தபடியே கீழே கிடந்த ஸ்கீயைப் புரட்டி, பைண்டிங்கில் எண் தெரிகிற சின்னக் கண்ணாடியைப் பார்த்தாள். யார் இதைத் தொட்டது என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"நான்தாம்மா. கழண்டுட்டே இருந்துச்சு..."

"கழலணும் அங்கிள். அது கழல்றதுக்குத்தான் இருக்கு." கத்தவில்லை. கத்தியிருந்தால் பரவாயில்லை என்று தோன்றியது.

மலையடிவார ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை, லிகமென்ட் கிழிந்திருக்கலாம், ஸ்கேன் எடுத்தால்தான் தெரியும் என்றார்கள். சுதா என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாள். நான் கட்டிலருகே போய், "சம்மந்தி, என்ன சொல்றதுன்னே தெரியலீங்க," என்று ஆரம்பித்தேன்.

மல்லிகா கையமர்த்தினார். "விடுங்க அண்ணா. வேணும்னேவா பண்ணீங்க? ஒண்ணு மட்டும் கேட்டுக்கோங்க. இவங்கப்பாகிட்ட நீங்க எதுவும் சொல்ல வேண்டாம். அவருக்குத் தெரிஞ்சா மே மாசக் கல்யாணம் என்ன ஆகும்னு எனக்கே தெரியாது. நான் வெயிட்டைத் தப்பாச் சொன்னேன், அதனால விழுந்தேன்னு சொல்லிக்கறேன்." மகளைப் பார்த்து, "நீயும்தான்," என்றார். நிலா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் மறுத்திருக்க வேண்டும். தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை துரைசாமி கிடைத்த விமானத்தில் ஓடி வந்தார். திங்கள்கிழமை பிரின்ஸ்டன் பக்கத்தில் ஸ்கேன் எடுத்ததில் லிகமென்ட் முழுவதும் கிழிந்திருந்தது. ஹூஸ்டனில் ஆபரேஷன் செய்ய வேண்டும். பழையபடி நாள் முழுக்க நின்று வேலை செய்ய ஒன்பது மாதமாவது ஆகும் என்றார் டாக்டர். "எடையைப் போய் யாராவது பொய் சொல்லுவாங்களா? அறிவிருக்கா உனக்கு?" என்று என் வீட்டு ஹாலில், என் முன்னாலேயே, துரைசாமி மனைவியைத் திட்டினார். மல்லிகா தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குக் காபி டம்ளரைக் கீழே வைக்க இடம் தெரியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலை அவர்களை நுவர்க் விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். டர்ன்பைக் நெடுஞ்சாலையில் நாற்பது மைல். புறப்பாட்டு வாசலில் சக்கர நாற்காலி வந்தது. நானும் துரைசாமியும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து மல்லிகாவை உட்காரவைத்தோம். பட்டை போட்ட கால் நேராக நீட்டிக்கொண்டு நின்றது.

துரைசாமி திரும்பி என் இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் பிடித்துக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. "சம்மந்தி, மனசுல இருந்ததைச் சொல்லிடறேன். முதல்ல எனக்கு இந்தச் சம்பந்தத்துல அவ்வளவா இஷ்டமில்லை. இப்பச் சொல்றேன், என் பொண்ணு நல்ல இடத்துக்குத்தான் வர்றா. நீங்க மட்டும் பக்கத்துல இல்லைன்னா அன்னைக்கு இவ என்ன ஆகியிருப்பா?"

மல்லிகா என்னைப் பார்க்கவில்லை. கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க," என்றேன். "நம்ம வீட்டு மனுசங்களுக்கு இதுகூடச் செய்யலைன்னா எப்படி?"