ஒண்ணுக்குப் போகாத செடி

பெற்ற மகளின் வாயில் டேப் ஒட்டி, வகுப்பே வேடிக்கை பார்க்க நிறுத்திவிட்டாளாம் என் தங்கை. ஊரில் தையல்காரி ஒருத்தி என் அண்ணியிடம் சொன்னாளாம். அண்ணி எனக்குப் போன் போட்டாள். "நீ அங்க உக்காந்து கவலைப்படாத, சும்மா காதுல போட்டு வச்சேன்." கடல் தாண்டிக் கிடப்பவளிடம் இப்படிச் சொன்னால் தூக்கம் வருமா? தங்கையையே கூப்பிட்டுக் கேட்டேன். டேப் கட்டுக்கதை. டேப்பாக இருந்தால் உரித்தாவது போட்டிருக்கலாம்.

தங்கை மூன்றாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறாள். தமிழில் எடுத்தவரை அவள் வகுப்பு சந்தைக்கடை. "டீச்சர், மீன் தூங்குமா?" "டீச்சர், பல்லிக்கு வால் முளைக்குது, எங்க தாத்தாவுக்குப் பல்லு ஏன் முளைக்கல?" சளைக்காமல் பதில் சொல்வாள். தலைமையாசிரியை கதவோரம் நின்று முறைத்துவிட்டுப் போவார்.

பிறகு எல்லாப் பாடமும் ஆங்கிலத்தில்தான் என்று பள்ளி அறிவித்தது. தங்கைக்கு ஆங்கிலம் எழுத்துக்கூட்டிப் படிக்கிற அளவுதான். வேலையும் நிரந்தரமில்லை. "சீட்டைக் கிழிச்சிடுவாங்க அக்கா" என்று நடுங்கினாள்.

கிழிக்கவில்லை. பாடத்தை மனப்பாடம் செய்து ஒப்பித்தாள். பிள்ளைகள் வாய் திறக்கவில்லை. புரிந்தால்தானே கேள்வி வரும்? யாராவது தமிழில் ஆரம்பித்தால், "இங்கிலீஷ்ல கேளு" என்பாள். அந்தப் பிள்ளை அப்படியே உட்கார்ந்துவிடும்.

"இப்பதான் இது கிளாஸ் மாதிரி இருக்கு" என்று தலைமையாசிரியை பூரித்துப்போனார்.

"இத்தனை வருஷம் தொண்டைத்தண்ணி வத்தக் கத்தினேனே அக்கா, இந்த மந்திரம் அப்பவே தெரியாமப் போச்சே!" என்று போனில் சிரித்தாள்.

இந்த வருடம் அவள் மகளே அந்த வகுப்புக்கு வந்தாள். வீட்டில் அம்மா, பள்ளியில் மிஸ். பிள்ளை சரியான வாயாடி. வேர் தண்ணீரை உறிஞ்சும் என்று பாடம் நடந்தபோது எழுந்துவிட்டாள். "மிஸ், செடி அவ்ளோ தண்ணி குடிக்குதே, ஏன் ஒண்ணுக்கே போகல?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. தங்கைக்குப் பதில் தெரியும். ஒரு காலத்தில் கிளையில் பாலித்தீன் பை கட்டி, உள்ளே நீர் துளிர்த்து நிற்பதைக் காட்டியவள்தான்.

"இங்கிலீஷ்ல கேளு."

மற்றப் பிள்ளைகள்போல் இவள் விடவில்லை. அப்பாவை நச்சரித்துக் கேள்வியை ஆங்கிலத்தில் கற்றுக்கொண்டு, குளிக்கும்போதுகூடச் சொல்லிப் பழகி, அடுத்த பாடத்தில் எழுந்து கேட்டேவிட்டாள். சன்னலுக்கு வெளியே தலைமையாசிரியை. அந்தப் பதிலை ஆங்கிலத்தில் சொல்லத் தங்கைக்கு வாய் வரவில்லை. உச்சரிப்பைப் பிடித்துக்கொண்டாள்.

"சரியில்ல. மறுபடி சொல்லு."

சொன்னாள்.

"மறுபடி."

ஒவ்வொரு தடவையும் வகுப்பு சிரித்தது. பிள்ளையின் குரல் தேய்ந்தது, வார்த்தைகள் இடம் மாறின, கடைசியில் என்ன கேட்க எழுந்தோம் என்பதே மறந்து விழித்தாள்.

"சிட் டவுன்."

தலைமையாசிரியை உள்ளே வந்து கை குலுக்கினாராம். "சொந்தப் பிள்ளைன்னும் பாக்கல பாருங்க!" அந்த மாதமே வேலை நிரந்தரமானது.

"சாப்பிட வாடி" என்று வீட்டில் தங்கை மகளைக் கூப்பிட்டாள்.

"யெஸ், மிஸ்."

"தலை பின்னி விடட்டுமா?"

"நோ, மிஸ்."

அப்பாவிடம் தமிழ் அருவியாகக் கொட்டுகிறது. அம்மாவிடம் மட்டும் இப்படி. தங்கை முதலில் விளையாட்டு என்று நினைத்தாள். பிறகு கெஞ்சினாள். முதுகில் ஒன்று வைத்தும் பார்த்தாள். "சாரி, மிஸ்."

மொட்டைமாடித் தொட்டிச் செடியில் பை கட்டி, பிள்ளையைத் தூக்கி வந்து காட்டினாள். "பாருடி தங்கம், இலை வழியாத்தான் தண்ணிய வெளிய விடுது. இதான் நீ கேட்டது."

பிள்ளை துளிகளை உற்றுப் பார்த்தாள். "தேங்க்யூ, மிஸ்." செருப்பை மாட்டிக்கொண்டு விளையாடப் போய்விட்டாள்.

இதையெல்லாம் சொல்லிவிட்டுத் தங்கை தேம்பினாள். "பெரியம்மான்னா உசிரு அவளுக்கு. ஒரே ஒரு தடவ அம்மான்னு கூப்பிடச் சொல்லு அக்கா. போனை அவ பக்கத்துல வச்சுட்டு நான் வெளிய நிக்கிறேன். இப்பவே போடு."

போட்டேன். அடித்து ஓய்ந்தது. எடுத்தால் என்ன சொல்வது என்று இன்னும் பிடிபடவில்லை. திரும்பவும் போட்டிருக்கிறேன். அடித்துக்கொண்டிருக்கிறது.